ஓட்டுக்குக் கீழே ஈயம் இல்லை

ஆடி 6, புதன்

காலையிலிருந்து மழை. குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. எறியவில்லை, ஓட்டுச் சந்து சுரண்ட உதவும்.

சாலைக் கடைத்தெரு இரும்புக்கடையில் சொல்லிவிட்டிருந்தார்கள். வழுதக்காட்டில் ஒரு வக்கீல் ஐயர் வீடு. மாடிக் குளியலறையில் ஷவருக்குக் கீழே தளம் ஒழுகுகிறது. தரை ஓடுகளுக்கு இடையேயுள்ள சந்துகளைச் சுரண்டிப் புதிதாகப் பூசித் தரவேண்டும், வந்து பார்த்து விலை சொல்லவேண்டும். விலாசம் கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. கேட்டில் கை வைத்த பிறகுதான் தெரிந்தது. அதே வீடு. ஊருக்குள் பைப்புத் தண்ணீர் வந்த புதிதில் அண்ணனும் நானும் ஓடு பதித்த வீடு. ஒன்பது வருஷம் ஆகிறது.

திரும்பியிருக்கலாம். மூன்று வாரமாக வேலை இல்லை. உள்ளே போனேன்.

வக்கீலுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தக் காலத்தில் பேச்செல்லாம் அண்ணனோடுதான்; அவரையும் வெறும் மேஸ்திரி என்பார், பெயர் கேட்டதில்லை. நான் சாந்துச் சட்டியோடு பின்பக்க இரும்புப் படியில் ஏறி இறங்கினவன். இன்றும் அதே படி வழியாகத்தான் ஏறச் சொன்னார்.

அளவு:
நீ. 5 அடி, அ. 4 அடி. சுற்றிலும் வரம்பு.
வெள்ளைப் பீங்கான் ஓடு, ஆறு அங்குலம், எண்பது.
தட்டிப் பார்த்ததில் பொள்ளல் சத்தம் இருபத்துமூன்று.
சந்துப் பூச்சு பாதிக்கு மேல் காணோம்.
ஓர் ஓடு காலுக்கடியில் ஆடுகிறது.

கீழே எந்த அறையில் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன். வக்கீலின் தங்கை இருக்கும் அறை. பெயர் ஜானகி, முப்பது வயதுக்குள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், காலில் போர்வை, மடியில் இங்கிலீஷ் புத்தகம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு. மேலே மச்சில் பாய் அகலத்துக்கு மஞ்சள் கறை, நடுவிலிருந்து சொட்டு.

"அண்ணா குளிச்சா ரெண்டு செம்பு, மன்னி குளிச்சா ஒண்ணு" என்றாள். "தொந்தரவு இல்லை. எண்ணிண்டே இருந்தா பொழுது போறது."

பிறகு வெளியே போய் கழிவுக் குழாயைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது ஜன்னல் வழியாகக் கேட்டாள்:

"மேஸ்திரி, குழாய் செம்பருத்திக்குப் பின்னால மறைஞ்சிருக்கு. எங்கேன்னு கேக்காம நேரே போனேளே?"

"வழக்கமா அந்தப் பக்கம்தாம்மா வச்சிருப்பாவ."

"ஓ" என்றாள்.

அந்த வீட்டில் என்னிடம் மரியாதை வைத்துப் பேசியவள் அவள் ஒருத்திதான். அதுவே பயமாக இருந்தது.

ஆடி 7, வியாழன்

மழை விட்டு விட்டு. விலை போட உட்கார்ந்தேன். இரண்டு விதமாகப் போட்டேன்.

ஒன்று, சந்து மட்டும். சுரண்ட ஒரு நாள். கழுவி உலர ஒரு நாள், இந்த மழையில் ஒன்றரை. பூச ஒரு நாள். பிறகு நாலு நாள் ஈரச்சாக்கு மூடிக் காக்கவேண்டும். அதற்குக் கூலி கேட்டால் சிரிப்பார்கள். யுத்தத்தில் சிமெண்டுக்கும் பெர்மிட்டு; அவர்கள் வாங்கி அரை மூட்டை வைத்திருக்கிறார்கள். மணலும் திராவகமும் என்னுடையது. பத்து ரூபாய் கேட்டு ஒன்பதுக்கு இறங்கலாம். இந்த வேலையில் செலவு சாமானுக்கு இல்லை, முழங்காலுக்கு.

இரண்டு, ஓடுகளை எல்லாம் பெயர்த்து, கீழே ஈயத்தகடு விரித்து, மறுபடி பதிப்பது. பன்னிரண்டு நாள். யுத்தத்தில் ஈயம் விற்கிற விலைக்குத் தொண்ணூறுக்குக் குறையாது.

அந்த வீட்டுக்கு வேண்டியது இரண்டாவதுதான். சந்தை எப்படிப் பூசினாலும் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதைத் தாங்கிக் குழாய்ப் பக்கம் தள்ளுவது ஓட்டுக்குக் கீழே விரிக்கிற ஈயத்தகடு. வக்கீல் அன்றைக்கு அதற்குத் தனியாகப் பணம் கொடுத்து வாங்கினார். அது அந்தத் தளத்தில் இல்லை. எனக்குத் தெரியும். சாக்கு மூடிக் கைவண்டியில் அந்தச் சுருளைச் சாலைக் கடைத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனவன் நான். அண்ணன் போகச் சொன்னார், போனேன். எதற்கு என்று கேட்கவில்லை.

இதை இதுவரை எங்கும் எழுதினதில்லை.

சாயங்காலம் கரமனைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். ஆறுமுகம் மேஸ்திரி என்றால் இன்று இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"எந்த வீடுன்னு சொன்ன?"

மறுபடி சொன்னேன்.

"சந்தைப் பூசிக் குடு. ரூவாய வாங்கு. வந்துரு. ஒம்பது வருசம் தாங்கிச்சுல்லா?"

"தாங்கல்லியே. ஒழுகுகு."

"ஒழுகாத வீடு எங்கடே இருக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாற புதன் சத்திரத்து எக்ரிமெண்டு. பதினாறு குளியலறை. உனக்கும் பாதி. இப்பம் போயி பழசைக் கிண்டாத, கேட்டியா."

சத்திரம் என்றால் ஜவுளிக்கடை முதலாளி ஸ்டேஷன் பக்கம் கட்டுவது. அது கிடைத்தால் ஒரு வருஷச் சாப்பாடு.

ஆடி 8, வெள்ளி

வக்கீலிடம் விலை சொல்லப் போனேன். இரண்டு காகிதமும் சட்டைப்பையில். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: சாமி, சந்து பூசினா போறாது, அடியைத் தோண்டிப் பாக்கணும்.

அவர் கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரம். "பத்தா? அந்த மணக்காட்டு ஆளு ஆறுக்குப் பண்றேங்கறான். ஆறு மதி, போறும் இதுக்கு."

"ஆறு ரூவாய்க்கு மேலால தடவிட்டுப் போவான் சாமி. நான் பழசை அடிவரை சுரண்டுவேன்."

"சரி, எட்டு. ஒழுகினா ஒரு சக்கரக் காசு கிடையாது, ஆமா."

தலையாட்டினேன். இரண்டாவது காகிதம் பையிலேயே இருந்தது. இரும்புப் படியில் இறங்கும்போது அதை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தேன்.

ஆடி 9, சனி

மழை இல்லை, புழுக்கம். வேலை தொடங்கியது.

குடைக்கம்பியைத் தட்டி நுனி வளைத்துக்கொண்டேன். உளி, ரம்பத் துண்டு, தென்னம்பிரஷ், வாளி. எண்பது ஓட்டுக்குச் சந்து அளந்தால் எண்பது அடி வரும். ஒரு அடிக்கு ஐந்து நிமிஷம். உள்ளே கறுப்பாக, களி மாதிரி வருகிறது. நல்ல சுண்ணாம்பு இப்படி ஆகாது. தண்ணீரிலேயே ஒன்பது வருஷம் கிடந்திருக்கிறது.

ஓர் ஓட்டின் ஓரத்தைச் சுரண்டும்போது அது கையோடு வந்துவிட்டது. தண்ணீரை அடைக்க வந்திருந்த பைப்பு வேலைக்காரன் குட்டப்பன் பக்கத்தில் நின்றான். எட்டிப் பார்த்தான்.

"மாணிக்கம், இதினடியில் ஈயம் இல்லல்லோ!"

"மெல்லப் பேசு."

என் முகத்தைப் பார்த்தான். "ஞான் ஒண்ணும் கண்டில்ல" என்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவன் நல்லவன்தான். ஆனால் சாயங்காலமானால் நாக்கு தங்காது.

பத்து மணிக்கு முகம் கழுவக் கீழே வந்தேன். ஜானகியம்மாள் ஜன்னலில்.

"நீங்க தட்டறது எனக்கு இங்க நன்னாக் கேக்கறது. நடுவில தட்டறச்சே கல்லு மாதிரி. கிழக்கு மூலையில பானை மாதிரி. சரியா?"

"சரிதாம்மா."

"கதவுகிட்டேர்ந்து மூணாவது ஓடு ஆடுமே. அதைப் பார்த்தேளா?"

"பாத்தேன்."

"அதுதான் என்னைக் கீழே கொண்டுவந்து போட்டது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் கோபமில்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் அறை மாடியில் இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. காலையில் அவசரமாகக் குளிக்கப் போனாள். அந்த ஓட்டின் மேல் கால் வைத்ததும் அது சாய்ந்தது. இடுப்பெலும்பு. சரியாகக் கூடவில்லை. இப்போது தடியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி. படி ஏற முடியாது என்று கீழறைக்கு மாற்றினார்கள். வேலையும் போயிற்று.

"வேடிக்கையைப் பாருங்கோ, அந்தத் தண்ணியும் என் பின்னாலயே இறங்கி வந்துடுத்து" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மேலே போய் அந்த மூன்றாவது ஓட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழேயிருந்து குரல் வந்தது: "என்ன மேஸ்திரி, சத்தத்தையே காணோம்?"

பிறகு தட்டினேன். வேலைக்காக இல்லை, அவள் கேட்பதற்காக.

ஆடி 10, ஞாயிறு

வேலை இல்லை. தளம் உலரட்டும்.

சின்னவனுக்கு முடி வெட்டினேன். ஒரு பக்கம் ஏறிவிட்டது. வீட்டுக்காரி செல்லம்மை அவியல் வைத்திருந்தாள், எனக்கு இறங்கவில்லை. "உடம்புக்கு என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஈயம் போன கதை தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின ஆவணியில் நடந்தது.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிவில், "நீங்க சொன்னா அந்த அம்மைக்குக் கால் வந்துருமா?" என்றாள்.

"வராது."

"அப்பம் சொல்லாண்டாம். நமக்கு ரெண்டு பிள்ளைய உண்டு. வக்கீலு வீடாக்கும், வேற வீடு இல்ல."

ஆடி 11, திங்கள்

பூச்சு. ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு துணியில் சலித்த மணல். வெள்ளை சிமெண்டு ஊரில் கிடையாது, கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து நிறத்தைக் கொண்டுவந்தேன். மூங்கில் சிம்பால் அமுக்கி அமுக்கி அடைத்தேன். பெயர்ந்து வந்த அந்த ஓட்டை மறுபடி வைத்து மூடினேன். இதைவிட நன்றாக யாரும் பூச முடியாது. ஒவ்வொரு கோடும் நூல் பிடித்த மாதிரி. வக்கீல் மனைவி வந்து பார்த்துவிட்டு, "புதுசாட்டம் ஆயிடுத்தே" என்றாள்.

பார்க்கப் புதிது.

ஈரச்சாக்கு மூடினேன். வெள்ளிக்கிழமை வரை தண்ணீர் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடி 12, செவ்வாய்

சாக்கு நனைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு எக்ரிமெண்டு, அங்கவஸ்திரத்தோடு வா என்று சொல்ல வந்தவர். நான் உளறிவிட்டேன். அந்தப் பெண் விழுந்ததைச் சொன்னேன். வக்கீலிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

அண்ணன் எழுந்து நின்றார்.

"நீ அரிச்சந்திரன். நான் கள்ளன். அப்படித்தானே?"

"நானும்தானே அண்ணே வண்டி தள்ளினேன்."

"எதுக்கு வித்தேன்னு ஒரு நாளாவது கேட்டியா? அப்பன் செத்து, கடன்காரன் வாசல்ல நிக்கான். உனக்குப் பெண்ணு பேசியாச்சு. தாலிக்குப் பவுன் எங்கலே இருந்து வந்துச்சு?" அடுக்களைப் பக்கம் கையை நீட்டினார். "அவ கழுத்துல கெடக்கே, அது அந்த ஈயம்தான். போ, போய் வக்கீலுகிட்ட அதையும் சொல்லு."

அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அண்ணன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

செல்லம்மை வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். சிந்தின மோரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி 13, புதன்

எக்ரிமெண்டுக்குப் போகவில்லை. அண்ணன் ஒப்பம் போட்டுவிட்டார் என்று இரும்புக்கடையில் சொன்னார்கள். சாக்கு நனைத்தேன். மழை.

செல்லம்மை சோறு வைக்கிறாள், எடுக்கிறாள். பேச்சு இல்லை.

ஆடி 14, வியாழன்

காலை எட்டு மணி இருக்கும். வக்கீல் வீட்டு கேட்டிலேயே சத்தம் கேட்டது. ஓடினேன். ஜானகியம்மாள் அறையில் மச்சிலிருந்து ஒரு பெரிய பாளம், அரை முறம் அளவு, காரையும் செங்கலுமாக இடிந்து விழுந்திருக்கிறது. தலையணை மேல். அவள் பல் தேய்ப்பதற்காகத் தடியை ஊன்றி வாசல் வரை வந்திருந்தாள். அதனால் பிழைத்தாள். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வக்கீல் என்னைப் பார்த்ததும் பாய்ந்தார். "நீ தட்டித் தட்டித்தான் இப்படி ஆச்சு! மூணு நாளா மேலே இடிச்சிண்டே இருந்தயே!"

மேலே பார்த்தேன். பாளம் விழுந்த இடத்தில் தேக்கு உத்திரத்தின் முனை தெரிந்தது. நனைந்த கருப்பட்டி மாதிரி. ஒரு ஸ்டூலில் ஏறி விரலால் குத்தினேன். உள்ளே போயிற்று.

"முதல்ல அம்மையை இந்த அறையை விட்டு மாத்துங்க சாமி. அந்த முனை நிக்காது."

மாற்றினார்கள், வக்கீலின் ஆபீஸ் அறைக்கு. நான் வாசலிலேயே நின்றேன். அவர் திரும்பி வந்தார். என் வாய் தானாகவே திறந்தது.

"சாமி, ஒன்பது வருசத்துக்கு முன்னால இந்தத் தளம் பதிச்சதுல நானும் உண்டு. நீங்க ஈயத்தகடு வாங்கிக் குடுத்திய. அதை விரிக்கல்ல. வித்தாச்சு. அதனாலதான் தண்ணி இறங்கி ஓடு ஆடிச்சு. உத்திரம் உளுத்துச்சு. ஒன்பது நாளா சொல்லணும் சொல்லணும்னு... போன புதன்கிழமையே எனக்குத் தெரியும்."

அவர் முகம் போன போக்கை எழுத முடியாது. "நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சு சொல்றயா? இது கிரிமினல். இப்பவே ஆளை அனுப்பி இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவேன், தெரியுமோ?"

"தெரியும் சாமி."

ஆபீஸ் அறையிலிருந்து குரல்: "அண்ணா, அவரை இங்க வரச் சொல்லுங்கோ."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள், காதோரத்தில் மட்டும் தூசி.

"செம்பருத்திக்குப் பின்னால நேரே போனபோதே நினைச்சேன். ஈயத்தை யாரு வித்தது?"

"நானும் கூட இருந்தேம்மா."

"நான் கேட்டது அது இல்லை."

தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

அவள் வக்கீல் பக்கம் திரும்பினாள். "இவரை ஜெயில்ல போட்டா ஓடுகளை யாரு பெயர்க்கறது? இன்னொரு பெர்மிட் வாங்க எத்தனை மாசம்?"

"நீ சும்மா இரு ஜானகி!"

"இருந்துண்டுதானே இருக்கேன், ரெண்டு வருஷமா" என்றாள்.

வக்கீல் அதற்குப் பிறகு கத்தவில்லை. அதைவிடக் கத்தியிருக்கலாம்.

முடிவு: எல்லாவற்றையும் பெயர்த்து நானே செய்துதர வேண்டும், கூலி இல்லாமல். உத்திரத்துக்கு ஆசாரி செலவு அவருடையது. ஈயம் என் பொறுப்பு. பத்து நாளுக்குள் ஈயம் வரவில்லை என்றால் இன்ஸ்பெக்டர். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போட்ட பிறகு பார்த்தால் என் பெயர் வேறு யாருடையதோ போல இருந்தது.

ஆடி 15, வெள்ளி

சாலையில் ஏழு கடை ஏறினேன். ஈயம் என்றாலே சிரிக்கிறார்கள். "துப்பாக்கிக் குண்டுக்கே போறல்ல அண்ணாச்சி." ஒருவர் மட்டும் இருக்கிறது என்றார். விலை கேட்டேன், என் வீட்டு ஒரு வருஷ வாடகை.

செல்லம்மையிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "சொல்லியாச்சா" என்று மட்டும் கேட்டாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

ஆடி 16, சனி

ஓடு பெயர்க்கத் தொடங்கினேன். திங்களன்று அத்தனை அழகாகப் பூசின சந்தை இன்று என் உளியாலேயே உடைத்தேன். உடையாமல் வந்த ஓடு அறுபத்தொன்று. அடியில் சுண்ணாம்பு மணலாகிக் கிடக்கிறது. அள்ளினால் ஈரம் சொட்டுகிறது.

குட்டப்பன் வந்தான். ஒன்றும் கேட்காமல் நாலு கூடை அள்ளிக் கீழே கொட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் செல்லம்மை இல்லை. பிள்ளைகள் பக்கத்து வீட்டில். நாலு மணிக்கு நனைந்துகொண்டே வந்தாள். எங்கே போனாய் என்றேன். "கரமனைக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு அடுப்பு மூட்டினாள்.

ஆடி 18, திங்கள்

காலையில் வாசலில் மாட்டு வண்டி. அண்ணன் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் நடந்து வந்திருக்கிறார். சாக்கு மூடி ஒரு சுருள். இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினார்கள். தரையில் விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது. ஈயம்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். சத்திரத்துக்கு வாங்கி வைத்ததில் இருந்து எடுத்திருந்தால்? அங்கே ஒரு தளம் ஈயமில்லாமல் போகுமே. சாக்கை விலக்கிப் பார்த்தேன். பழைய தகடு. கறுத்துப்போய், ஓரமெல்லாம் ஆணி ஓட்டை. எங்கோ இடித்த கட்டடத்துக் கூரையிலிருந்து எடுத்தது. மூச்சு வந்தது.

அண்ணன் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"சத்திரத்துது இல்ல. அதானே பாக்க?"

சாக்கை இழுத்து மூடினேன்.

"உன் பெஞ்சாதி வந்தா. தாலியக் கழத்தி என் மேசையில வச்சிட்டு, இது ஈயம்னா ஈயமாத் திருப்பித் தாங்கன்னா." துண்டால் வாயைத் துடைத்தார். "எடுத்துக் கெட்டுன்னு நான் சத்தம் போட்டேன். அவ கெட்டினா. ஆனா சொன்னது சொன்னதுதானே."

"அண்ணே, நான் உங்க பேரச் சொல்லல்ல."

"தெரியும். அதுக்காக நான் ஒனக்குக் கடன்பட்டவன்னு நெனைக்காத. ஈயத்தை இறக்கியாச்சு. சத்திரத்து வேலைக்கு வேற ஆளு பாத்தாச்சு. இனி என் வாசல்ல நீ வராண்டாம், ஒன் வாசல்ல நான் வரல்ல."

வண்டிக்கு முன்னால் நடந்து போய்விட்டார். பதினோரு வயதில் எனக்குக் கொத்துக்கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். திரும்பிப் பார்ப்பார் என்று திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்லம்மை கதவோரம் நின்றாள். "சொல்லாண்டாம்னு சொன்னவதானே நீ" என்றேன்.

"அப்பம் அது என் கழுத்துல கெடக்குன்னு எனக்குத் தெரியாதுல்லா" என்றாள்.

ஆடி 21, வியாழன்

மழை கொட்டுகிறது. ஆசாரி உத்திரத்தின் உளுத்த முனையை வெட்டி, இரண்டு பக்கமும் புதுத் தேக்கு வைத்து போல்ட்டு போட்டார். வெட்டின துண்டை வக்கீல் கையில் எடுத்துப் பார்த்தார். பொடியாக உதிர்ந்தது. கையைக் கழுவிக்கொண்டு போனார்.

ஈயத்தில் ஆணி ஓட்டை முப்பத்தாறு. ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். விரலில் கொப்புளம். ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் விட்டு, கீழே கண்ணாடி பிடித்துப் பார்த்தேன்.

ஆடி 23, சனி

தகடு விரித்தாயிற்று. சுவர்ப் பக்கம் முழ உயரம் ஏற்றி, மற்றப் பக்கம் வரம்பின் மேல் மடக்கினேன். ஓடு பதிக்கும் முன் வக்கீலைக் கூப்பிட்டு, "கண்ணால பாத்துருங்க சாமி" என்றேன். வந்தார். குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். தங்கையிடம் போய் "இருக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஆடி 27, புதன்

ஓடு பதித்தாகிவிட்டது. உடைந்ததற்குப் பதில் ஒரே நிறத்தில் கிடைக்கவில்லை, பத்தொன்பது ஓடு கொஞ்சம் மஞ்சள். அவற்றை ஓரத்துக்குத் தள்ளினேன். சந்து பூசினேன். சாக்கு.

ஆடி 32, திங்கள்

தண்ணீர்ச் சோதனை. நேற்றுக் காலையில் குழாய் வாயை அடைத்து, வரம்பு முட்டத் தண்ணீர் நிறுத்தினேன். குட்டப்பன் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கீழே போய் மச்சைப் பார்த்தான். ஒரு பகல், ஒரு இரவு. இன்று பத்து மணிக்கு ஜானகியம்மாள் தடியோடு தன் கீழறைக்குப் போய், மேலே பார்த்தாள். செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து ஜன்னலில் வைத்தாள். காய்ந்த மச்சு.

"நான் மேலே போய்ப் பார்க்கணும்" என்றாள்.

வக்கீல் வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பக்கம் வக்கீல், ஒரு பக்கம் குட்டப்பன், உள்படி வழியாகத் தூக்கிப் போனார்கள். நான் இரும்புப் படியில் ஏறிக் குளியலறை வாசலில் நின்றேன். தண்ணீர் வடிந்துவிட்டது, தளம் ஈரம். வக்கீல் மனைவி கையைப் பிடித்துக்கொள்ள, வரம்பைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். பிறகு மற்றதை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

கதவிலிருந்து மூன்றாவது ஓட்டில் பாதத்தை அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். கால் கொஞ்சம் சறுக்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.

"வழுக்கறதே!" என்றாள்.

"பீங்கான் ஓடும்மா. ஈரம் பட்டா வழுக்கத்தான் செய்யும்."

"அன்னிக்கும் இதே ஓடுதானே?"

"ஆமாம்மா."

"அப்போ நான் விழுந்தது உங்க ஈயத்தாலயா, இந்த ஓட்டாலயா?"

பதில் சொல்ல எத்தனையோ வார்த்தை இருந்தது. ஓட்டால்தான் என்று சொல்லியிருந்தால் அவளே தலையாட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"தெரியல்லம்மா" என்றேன். "ரெண்டும் இருக்கும்."

"எனக்கும் தெரியலை" என்றாள். சுவரில் கை வைத்து உயரம் பார்த்தாள். பிறகு வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணாவிடம் சுண்ணாம்புக்கட்டி கேட்டாள்.

சுவரில் அவள் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கோடு இழுத்திருக்கிறாள். அந்த உயரத்தில் பித்தளைக் கம்பி பதிக்க வேண்டும், கைப்பிடிக்கு. நாளைக்கு வரச் சொன்னாள். இதற்குக் கூலி உண்டாம். விலையை இப்போதே சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். சொன்னேன். பேரம் பேசவில்லை.